ஒளித்து வைக்கப்பட்ட தமிழ்

திருவள்ளுவர் ஆண்டு 2056, அஃதாவது 2025-ஆம் ஆண்டுக் கோடையில், தமிழ்நாட்டுத் திரையரங்கு வாயில்களில் நின்று சுவரொட்டிகளைப் படித்தவர்க்கு, நாம் நிற்பது தமிழ்நாட்டிலா இலண்டனிலா என்னும் ஐயம் எழுந்திருக்கும். ஏப்பிரல் 10-இல் 'குட் பேட் அக்லி'. மே முதல்நாள் 'ரெட்ரோ'. அதே நாளில் 'டூரிசுடு பேமிலி'. சூன் 5-இல் 'தக் லைப்'. உரையாடல் தமிழ், பாட்டுத் தமிழ், காசு கொடுத்து உள்ளே நுழைந்த மக்களும் தமிழர். நெற்றியில் ஒட்டிய பெயர் மட்டும் ஆங்கிலம்!

திரைப்படமே தீது என்று ஒதுங்குவார் நம்மிடையே உண்டு. நாம் அக்கருத்தினர் அல்லேம். மக்கள் கூடும் இடத்தில் மொழியும் இருத்தல் வேண்டும். ஆகவே, பார்த்த பின்னரே இதனை எழுதுகின்றோம்.

'குட் பேட் அக்லி' துமுக்கி முழக்கமும், நடிகர் தம் பழைய படங்களை நினைவூட்டும் வேடிக்கையுமாக ஓடி முடிகின்றது. அதன் பெயர், 1966-இல் இத்தாலிய இயக்குநர் செர்கியோ லியோனே எடுத்த படத்தின் ஆங்கிலப் பெயரை ஒட்டியது. அமெரிக்க நாட்டுக் கதையையே எடுத்த அவ்வித்தாலியர், தம் படத்திற்குத் தம் தாய்மொழியிலேயே பெயரிட்டார். கதையைப் பிறநாட்டில் நிகழ்த்தியவர்க்கு இருந்த மொழித்துணிவு, தமிழ்நாட்டில் தமிழர்க்குப் படம் எடுப்பார்க்கு இல்லாமற் போயிற்று.

'தக்' என்னும் சொல்லோ ஆங்கிலத்துக்கே உரியதும் அன்று. இந்தியில் 'டக்' என வழங்கும் வழிப்பறிக் கள்வனின் பெயரை வெள்ளையர் எடுத்துச் சென்றனர். அதனை நாம் ஆங்கிலம் என்று எண்ணி மீண்டும் தலையில் சுமக்கின்றோம். கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கூறியதற்காகக் கமலகாசன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். படம் குறித்த நாளில் கருநாடகத்தில் வெளிவரவில்லை. மொழிக்காக அத்துணை இழப்பை ஏற்றவர், அதே படத்திற்கு ஒரு தமிழ்ப்பெயர் சூட்டியிருக்கலாகாதா?

பிற மாநிலங்களிலும் விற்க ஒரே பெயர் வேண்டும் என்பர். இதே இயக்குநர் மணிரத்தினத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022-இலும் 2023-இலும் ஐந்து மொழிகளில் அத்தமிழ்ப் பெயரோடே வெளிவந்தது. இதே கோடையில் 'மாமன்' என்னும் பெயருடன் ஒரு படம் வந்தது. மாமன் என்ற சொல் விளங்காமல் எவரும் வாயிலோடு திரும்பிவிடவில்லை.

நம் நெஞ்சை வருத்தியது 'டூரிசுடு பேமிலி'யே. அது நல்ல படம், தயங்காமற் பாராட்டுகின்றோம். இலங்கையின் பொருளியல் நெருக்கடியால் வாழ வழியற்ற ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்று, கடல் கடந்து இராமேசுவரக் கரையில் இறங்கிச் சென்னையில் குடியேறுகின்றது. தாம் யார் என்பது தெரிந்துவிடாதிருக்கத் தம் நாவிற் பிறந்த தமிழையே அடக்கிக்கொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கு. தமிழ்நாட்டில், தமிழர் நடுவே, தமிழர் தம் தமிழை ஒளிக்கின்றனர்! அக்காட்சிகளைக் கண்டு அரங்கமே கலங்கியது. அப்படத்தின் 'முகை மழை' என்னும் பாட்டு இளைஞர் வாயிலெல்லாம் புழங்கியது. மொட்டைக் குறிக்கும் 'முகை' என்ற பழஞ்சொல்லை எவரும் கடினம் என்று தள்ளவில்லை. ஆயினும், தமிழை ஒளிக்க நேர்ந்தவர் துயரைச் சொல்லும் படமே தன் பெயரில் தமிழை ஒளித்துக்கொண்டது. ஏதிலிக் குடும்பத்திற்குக் காவலரின் அச்சம் இருந்தது. இவர்களுக்கு யாரிடம் அச்சம்?

இந்நிலை எப்படி வந்தது? 2006-இல், தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியினின்று விலக்களிக்கத் தமிழக அரசு ஆணையிட்டது. உடனே பெயர்கள் திருந்தின. ஒரு படம் தன் வடவெழுத்தைக் களைந்து 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'ரோபோ' என்று பேசப்பட்டது 2010-இல் 'எந்திரன்' ஆக வந்தது. நாமும் மகிழ்ந்தோம். 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்து பழைய வரிமுறையை மாற்றியது, விலக்கும் பொருளற்றதாயிற்று. வரிவிலக்கோடு வந்த தமிழ் வரிவிலக்கோடே வெளியேறத் தொடங்கியது.

இங்கே நம் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூலிக்கு வந்த அன்பைக் கொள்கை வெற்றி என்று எண்ணி அயர்ந்துவிட்டோம். அரசாணை கதவைத் திறக்கலாம். உள்ளத்தைத் திறப்பது மக்கள் கடன். அம்மக்களிடம் நாம் போதிய அளவு செல்லவில்லை.

ஆகவே தோழர்களே! அரங்கை முற்றுகையிட வேண்டா. தட்டியைக் கிழிக்க வேண்டா. படம் பிடித்திருந்தால் அதன் இயக்குநர்க்கு ஒரு மடல் எழுதுங்கள். "உங்கள் படத்தைக் கண்டு கண்ணீர் விட்டேன், அக்கண்ணீருக்குப் பெயரிடத் தமிழில் சொல் இல்லையா?" என்று கேளுங்கள். பத்தாயிரம் மடல்கள் சேர்ந்தால் வணிகரும் கணக்கை மாற்றுவர். கேட்குமுன், நம் கடைப் பலகையும் நம் பிள்ளைகள் பெயரும் தமிழா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நம் வீட்டு வாயிலில் ஒளிந்து நிற்கும் தமிழை வெளியே அழைக்காமல், திரையரங்க வாயிலில் அதனைத் தேடுவது வீண்.