ஓடினால் போதுமா? லினக்ஸ் விளையாட்டுகளும் மூலநிரலின் ஆயுளும்

லினக்ஸில் விளையாட்டுகள் இல்லை என்ற பழைய குறை ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்னும் இடைமென்பொருளை வெளியிட்டது. 1993இல் தொடங்கிய வைன் திட்டமே அதன் அடித்தளம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஒரு விளையாட்டு இயங்குதளத்திடம் கேட்பவற்றை லினக்ஸ் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றித் தருவது அதன் பணி. 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி லினக்ஸில் இயங்குகிறது. அதில் ஆடப்படும் விளையாட்டுகளில் பல லினக்ஸுக்காக எழுதப்பட்டவை அல்ல. எனவே, லினக்ஸில் நேரடியாக இயங்கும் விளையாட்டுகளைத் தேடுவது இனித் தேவையற்ற வேலை என்று வாதிடுவோர் பெருகியுள்ளனர். எப்படியோ ஓடினால் போதாதா என்பது அவர்களது கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை, லினக்ஸ் ஆர்வலர்கள் வழக்கமாகச் சொல்லும் விடையிலிருந்து சற்று விலகி நிற்கிறது. நேரடியாக இயங்குகிறது என்பது மட்டுமே ஒரு விளையாட்டுக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை. அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்திருப்பதே அந்தப் பாதுகாப்பை அளிக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் விவாதம் திசைமாறிப் போகிறது.

லோக்கி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை இதற்குத் தக்க சான்று. 1998இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், பிறர் விண்டோஸுக்காக உருவாக்கிய விளையாட்டுகளை முறைப்படி உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றி விற்றது. 'சிவிலிசேஷன்: கால் டு பவர்' 1999இல் அவ்வாறு வந்தது. 2002 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது. அவர்கள் விற்றவை லினக்ஸில் நேரடியாக இயங்கியவைதாம். ஆனால் நிரல் மூடியது. அவை சார்ந்திருந்த நிரலகங்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே வந்தன. மாற்றத்துக்கேற்ப விளையாட்டைத் திருத்தித் தொகுக்க, நிரலைக் கையில் வைத்திருந்தவர்கள் இல்லை. இன்று அவற்றை ஓட்ட விரும்புவோர் பழைய நிரலகங்களைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதே காலத்து விண்டோஸ் விளையாட்டுகள் பல, வைன் வழியாகச் சிரமமின்றி ஓடிவிடுகின்றன. நேரடிப் பதிப்பு முடங்க, மாற்றி ஓட்டப்படும் பதிப்பு பிழைத்திருக்கிறது.

அதே லோக்கியில் பணியாற்றிய சாம் லாண்டிங்கா 1998இல் தொடங்கிய எஸ்.டி.எல். என்னும் நிரலகமோ திறந்த உரிமத்தில் வந்தது. திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றை விளையாட்டோடு இணைக்கும் அந்நிரலகம் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பல இயங்குதளங்களில் எண்ணற்ற விளையாட்டுகள் அதைச் சார்ந்தே எழுதப்படுகின்றன. நிறுவனம் போயிற்று, மூடிய நிரலும் போயிற்று. திறந்த நிரல் நின்றது.

இது பழங்கதை மட்டுமன்று. 'ராக்கெட் லீக்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக்கு லினக்ஸ் பதிப்பு இருந்தது. 2020 மார்ச்சில் அதன் இணையவழி ஆட்டத்துக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவரின் கணினியில் கோப்புகள் இருந்தன. பலரோடு சேர்ந்து ஆடும் வசதி போயிற்று. உரிமையாளர் ஒரு முடிவெடுத்தால் ஆடுபவர் செய்யக்கூடியது எதுவுமில்லை.

மறுபக்கத்தில் 'டூம்' இருக்கிறது. 1993 டிசம்பரில் வெளியான அவ்விளையாட்டின் மூலநிரலை ஜான் கார்மாக் 1997 டிசம்பரில் பொதுவெளியில் வைத்தார். அப்போது வெளிவந்தது லினக்ஸ் பதிப்பின் நிரல். டாஸ் பதிப்பின் ஒலிப்பகுதி வேறொருவருக்கு உரிமையானது என்பதே அதற்குக் காரணம். 1999இல் அந்நிரல் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது. அதன்பின் அதற்கு முடிவே இல்லை. புதிய கணினி எது வந்தாலும் அதில் டூமை ஓட்டிப் பார்ப்பது நிரலாளர்களிடையே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. திறக்கப்பட்டது நிரல் மட்டுமே. படங்களும் ஒலிகளும் கட்டங்களும் இன்றும் விற்பனைப் பொருள். அந்த இடைவெளியை நிரப்ப, கட்டற்ற படங்களையும் ஒலிகளையும் புதிதாக உருவாக்கித் தரும் 'ஃப்ரீடூம்' திட்டம் எழுந்தது.

தொடக்கம் முதலே திறந்த நிலையில் வளர்ந்த விளையாட்டுகளுள் முதலில் சொல்லத்தக்கது 'தி பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. டேவிட் ஒயிட் 2003இல் தொடங்கியது. அறுகோணக் கட்டங்களில் முறைவைத்து ஆடும் போர் விளையாட்டு. பகலில் சிலருக்கு வலிமை கூடும், இரவில் வேறு சிலருக்கு. எல்ஃப் இனத்தவர் காட்டுக்குள் நின்றால் அவர்களைத் தாக்குவது கடினம். விதிகள் எளியவை, விளைவுகள் ஆழமானவை. பத்தாண்டுப் பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஆடலாம். அடி விழுமா விழாதா என்பது தற்செயலைப் பொறுத்தது. கணினி ஏமாற்றுகிறது என்று சினம் கொள்ளாத வெஸ்நாத் ஆட்டக்காரர் அரிது. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வழியும் இருக்கிறது. தாக்குதலுக்கு முன்பே நிகழ்தகவைத் திரை காட்டுகிறது; அதையும் நம்பாதவர் நிரலைத் திறந்து கணக்கைச் சரிபார்க்கலாம். கதைத்தொடர்கள் சாதாரண உரைக்கோப்புகளாக இருப்பதால், ஆடியவர்கள் தாமே புதிய கதைகளை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

இந்திய வாசகர்களுக்கு நெருக்கமானது '0 ஏ.டி.'. 2009இல் நிரல் திறக்கப்பட்ட இந்த வரலாற்றுப் போர் விளையாட்டில் ரோமர், பாரசீகர், கார்த்தேஜினர் ஆகியோரோடு மௌரியரும் உண்டு. சந்திரகுப்தரும் அசோகரும் தலைவர்களாக வருகின்றனர். அசோகத் தூணை எழுப்பலாம். மரமும் கல்லும் சேகரிப்போரின் அருகிலேயே வேலை யானையை நிறுத்தி, சேகரித்ததை அதனிடமே ஒப்படைக்கலாம். அசோகரின் கல்வெட்டுகள் தம் ஆட்சி எல்லைக்கு அப்பால் உள்ளோராகக் குறிப்பிடும் சோழரும் பாண்டியரும் கேரளபுத்திரரும் இதன் அரசுகளுள் இல்லை. வணிக விளையாட்டொன்றில் இவ்வாறு விடுபட்டால் புலம்புவதோடு நிற்க வேண்டியதுதான். இங்கே சேர்ப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. உழைப்பும் சான்றுகளும் மட்டுமே தேவை. மௌரியரின் உடையோ கட்டடமோ தவறாக வரையப்பட்டுள்ளது என்று கருதும் வரலாற்று மாணவர், அதைத் திருத்தித் தம் பதிப்பை வெளியிடவும் முடியும்.

இந்தச் சுதந்திரம் பொழுதுபோக்கோடு முடிவதில்லை. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, 2000இல் பிரான்சில் தொடங்கிய 'ஜீகாம்ப்ரி' போன்ற கல்வி விளையாட்டுகளும் வகுப்பறைக்குள் வந்தன. எண்ணும் எழுத்தும் சுட்டியைப் பிடிக்கும் பழக்கமும் சிறுவர்களுக்கு விளையாட்டாகவே அமைந்தன. கணினிக்கு ஒன்றென உரிமக் கட்டணம் இல்லை. பள்ளியில் உள்ளதை வீட்டுக்கு நகலெடுத்துச் செல்வது திருட்டும் இல்லை. களவுப் பிரதி கணினிப் பழக்கத்தின் முதல் பாடமாகிவிட்ட நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

எதிர்வாதங்களுக்கும் வலுவுண்டு. பெரும் பொருட்செலவில் உருவாகும் வணிக விளையாட்டுகளின் காட்சி நேர்த்தியோ கதையாழமோ கட்டற்ற விளையாட்டுகளில் எளிதில் வாய்ப்பதில்லை. தன்னார்வ உழைப்பு மெல்லத்தான் நகரும், 0 ஏ.டி. பல்லாண்டுகள் 'ஆல்பா' என்ற அடைமொழியோடே வெளிவந்தது. படைப்பவருக்கும் வயிறு உண்டு என்பதை மறந்து அனைத்தையும் இலவசமாகக் கேட்பது நேர்மையாகாது. ஆனால் திறந்த நிரலும் விற்பனையும் பகையல்ல. ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள 'மைண்டஸ்ட்ரி' ஸ்டீம் தளத்தில் விலைக்கு விற்கப்படுகிறது. டூமின் நிரல் திறக்கப்பட்டது, அந்த விளையாட்டு ஈட்ட வேண்டியதை ஈட்டிய பின்னரே. சந்தையில் விற்றுத் தீர்ந்த நிரலைப் பூட்டி வைப்பதால் உரிமையாளருக்குப் பெரும்பாலும் ஆதாயமில்லை. திறப்பதால் இழப்பும் இல்லை.

புரோட்டானைப் பழிப்பதற்கு இவற்றில் எதுவும் காரணம் ஆகாது. அதுவே ஒரு திறந்த மென்பொருள். மூடிய விளையாட்டுகளை எதிர்காலத்துக்குக் கடத்தும் ஓடமாகவும் அது விளங்கக்கூடும். ஆனால் ஓடத்தில் ஏறும் பெட்டி பூட்டியதாகவே இருக்கும். உள்ளே பழுது நேர்ந்தால் யாரும் கை வைக்க இயலாது. வழங்கிக்கணினியைச் சார்ந்த விளையாட்டாயின், வழங்கி அணைந்த நாளில் ஓடமும் பயன்படாது.

ஆகவே ஒரு விளையாட்டைத் தேர்வோர் 'லினக்ஸில் ஓடுமா' என்பதோடு நிற்காமல் மேலும் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. உருவாக்கிய நிறுவனம் இல்லாமற்போனால் இதைத் திருத்தித் தொகுக்க மற்றொருவரால் இயலுமா? நிரலோடு படங்களும் ஒலிகளும் பகிரத்தக்க உரிமத்தில் உள்ளனவா? இணைய இணைப்பு இன்றியோ சொந்த வழங்கியிலோ ஆட முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் விளையாட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் ஒன்றையேனும் நிறுவி ஆடுவதும், கண்ட பிழையை உருவாக்குவோருக்கு எழுதி அனுப்புவதும், ஒரு பக்கமாவது தமிழில் பெயர்த்துத் தருவதும் எவராலும் இயலும். முப்பது ஆண்டுகள் கழித்து இக்காலத்து விளையாட்டுகளை ஆராயப் புகுபவருக்கு, படக்காட்சிகளும் விமரிசனங்களும் மட்டுமன்றி விளையாட்டே கிடைக்க வேண்டுமானால், வேலை இப்போதே தொடங்க வேண்டும்.