அந்தக் கூண்டின் எடையை யார் பார்த்தது?

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்து பழகியவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே வீடியோ சுற்றுகிறது. அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் நண்டு பிடிக்கும் கப்பல். பனை உயர அலை, தளமெல்லாம் பனிக்கட்டி, தூக்கமில்லாத முகங்கள். உலகிலேயே ஆபத்தான வேலை, சில வாரத்தில் லட்சக்கணக்கில் சம்பளம், துணிந்தவனுக்குத்தான் கடல் கொடுக்கும் என்று பின்னணியில் ஒரு குரல். கீழே நம் பிள்ளைகளின் கமெண்ட்: கெத்து, மாஸ், வேற லெவல். ஒருவர், "நம்ம பசங்களுக்கு இந்தத் தைரியம் வருமா சார்?" என்று என்னையே டேக் செய்திருக்கிறார்.

தைரியத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அந்தக் கடலில் செத்தவர்கள் யாரும் தைரியம் குறைந்து சாகவில்லை. சாவு குறைந்ததும் தைரியம் கூடியதால் அல்ல. இரண்டுக்கும் காரணம் கணக்கு. அந்தக் கணக்கை மறைத்துவிட்டு வீரம் பேசுவதுதான் எனக்குக் கோபம்.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம். நண்டு பிடிக்க இரும்புச் சட்டத்தில் வலை கட்டிய பெரிய கூண்டுகளைக் கடலில் இறக்குவார்கள். ஒவ்வொன்றும் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். 200 கூண்டுகளை மேல்தளத்தில் அடுக்கிக் கொண்டு போவார்கள். புவியீர்ப்பு மையம் பாடம் நினைவிருக்கிறதா? பாரம் மேலே ஏற ஏற மையமும் மேலே ஏறும். சாய்ந்த கப்பல் நிமிரும் சக்தி குறையும். அதோடு உறைபனிக் காலத்தில் காற்றில் தெறிக்கும் கடல்நீர் கூண்டிலும் கம்பியிலும் பட்டவுடன் கட்டியாகிவிடும். சம்மட்டியால் அடித்து உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உடைக்கும் வேகத்தைவிடப் படியும் வேகம் கூடினால் கப்பல் கவிழும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

2017 பிப்ரவரி 11 அன்று டெஸ்டினேஷன் என்ற நண்டுக் கப்பல் செயின்ட் ஜார்ஜ் தீவின் அருகே மூழ்கியது. ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விசாரணையில் வெளிவந்த விஷயத்தைக் கேளுங்கள். கப்பலின் பாரக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கூண்டின் எடை 700 பவுண்டு. உண்மையில் அது சுமார் 840 பவுண்டு. கூண்டுக்கு 140 பவுண்டு வித்தியாசம் என்றால் 200 கூண்டுக்கு எவ்வளவு? சுமார் 12 டன்னுக்கும் மேல். அதன் மீது பனிக்கட்டி வேறு. பனி கொட்டும் என்று தெரிந்தே புறப்பட்ட கேப்டனின் முடிவையும் விசாரணை குறை சொன்னது. நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு பேரின் தைரியத்தை எந்தத் தராசில் போட்டிருந்தால் அந்த 12 டன்னுக்கு ஈடாகியிருக்கும்?

இது ஒரு கப்பலோடு முடிந்துவிடவில்லை. 2019 டிசம்பர் 31 இரவு ஸ்கேண்டீஸ் ரோஸ் கவிழ்ந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அங்கேயும் பனிக்கட்டிதான், பாரக் கணக்குக் குறிப்பேட்டில் தவறுதான்.

இனி சாவு எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். 1990களில் பெரிங் கடல் நண்டுக் கப்பல்களில் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். 1999 அக்டோபரில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு சாதாரண வேலையை ஆரம்பித்தது. சீசன் தொடங்கும் முன் துறைமுகத்துக்கே போய், கப்பல் தாங்கும் அளவுக்குத்தான் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, உயிர்காக்கும் சாதனங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பின் சாவு விகிதம் பாதிக்கும் கீழே போனது. கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கூண்டு எண்ணிய அதிகாரியை எந்த வீடியோவிலாவது பார்த்திருக்கிறீர்களா? அவருக்குப் பின்னணி இசை கிடையாது.

அடுத்தது பந்தயம். 2005 வரை, மொத்தக் கடலுக்கும் ஓர் அளவு வைத்து, அது தீரும்வரை போட்டி போட்டுப் பிடிக்கலாம் என்றிருந்தது. சிவப்பு ராஜ நண்டு சீசன் சில ஆண்டுகளில் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். புயல் அடித்தாலும் நிற்க முடியாது, நின்றால் பக்கத்துக் கப்பல் அள்ளிக்கொண்டு போய்விடும். தூங்காமல் வேலை செய்தார்கள் என்று வியக்கிறீர்களே, தூங்க விடாதபடி விதி எழுதியிருந்தார்கள் என்பதுதான் விஷயம். 2005இல் கப்பலுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள். புயலென்றால் துறைமுகத்தில் காத்திருக்க வழி பிறந்தது. அடுத்த பத்தாண்டில் சாவு மேலும் குறைந்தது. அதே 2005இல்தான் டிஸ்கவரி சேனலில் 'டெட்லியஸ்ட் கேட்ச்' தொடங்கியது. வேலை பாதுகாப்பாகிக்கொண்டிருந்த நேரத்தில் அதன் ஆபத்து விற்பனைக்கு வந்தது!

சரி சார், பணம் உண்மைதானே என்பீர்கள். உண்மைதான். நல்ல சீசனில் தளத் தொழிலாளி சில வாரங்களில் பல்லாயிரம் டாலர் எடுத்ததுண்டு. ஆனால் அது சம்பளம் அல்ல, பங்கு. டீசல், இரை, சாப்பாடு எல்லாம் கழித்து மிச்சத்தில் ஒரு சதவீதம். நண்டு இல்லையென்றால் காசும் இல்லை.

2005இல் அந்தப் பங்கு உரிமைகளை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? 97 சதவீதம் கப்பல் முதலாளிகள் பக்கம், 3 சதவீதம் கேப்டன்களுக்கு. தளத்தில் நின்று பனிக்கட்டி உடைத்தவனுக்கு ஒன்றுமில்லை. 250 கப்பல்கள் ஓடிய இடத்தில் நூற்றுக்கும் குறைவாயின. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. மிச்சமிருந்தவர்களின் பங்கிலும், உரிமையைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கரையில் இருப்பவருக்கான வாடகை முதலில் கழிந்தது. உயிரைக் காப்பாற்றிய அந்தத் திட்டத்தை நான் பழிக்கவில்லை. ஆபத்தைச் சுமந்தவன் ஒருவன், பலனைப் பெற்றவன் இன்னொருவன் என்று சொல்கிறேன். துணிந்தவனுக்குக் கடல் கொடுக்கிறது என்பது பொய். கடல் கொடுப்பதை யார் எடுப்பது என்று தீர்மானிப்பது காகிதம்.

கடைசியில் நண்டே போய்விட்டது. 2018, 2019இல் பெரிங் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடானது. சுடுநீரில் நண்டுக்குப் பசி கூடும், இரையோ போதவில்லை. சுமார் ஆயிரம் கோடிப் பனி நண்டுகள் காணாமல் போயின என்றும், பெரும்பாலானவை பட்டினியால் செத்தன என்றும் ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். 2022 அக்டோபரில் பனி நண்டு சீசனை வரலாற்றிலேயே முதல் முறையாக ரத்து செய்தார்கள். அப்போது எந்தத் துணிச்சல்காரன் போய் எதைப் பிடிப்பான்?

"அப்படியானால் யாருமே ஆபத்தான வேலைக்குப் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். போகட்டும். கடலுக்குப் போகிறவனை நான் மதிக்கிறேன். மதிப்பதாக இருந்தால் அவன் ஏறும் கப்பலின் பாரத்தைக் கேட்க வேண்டும். 1985இல் கோடியாக் தீவுப் பக்கம், உயிர்காக்கும் சாதனம் சரியாக இல்லாத ஒரு பழைய மரப்படகு மூழ்கியது. அது சால்மன் பிடித்த படகு. அதில் கோடை விடுமுறையில் வேலைக்குப் போன இருபது வயது யேல் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இறந்தான். அவனுடைய பெற்றோர் மகனை வீரன் என்று சொல்லி உட்கார்ந்துவிடவில்லை. மற்ற குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வாஷிங்டன் கதவைத் தட்டினார்கள். 1988இல் மீன்பிடிப் படகுகளுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. குளிர் தாங்கும் மிதவை உடையும் உயிர்காக்கும் மிதவையும் கட்டாயமாயின. அதற்குப் பின் பிழைத்தவர்கள் பலர் அந்தச் சட்டத்துக்குக் கடன்பட்டவர்கள்.

என் மாணவர்களில் கட்டட வேலையில் இருக்கிறவர்கள் உண்டு. பட்டாசு ஆலையில், வளைகுடாவில், சரக்குக் கப்பலில் இருக்கிறவர்களும் உண்டு. சிலர் இன்று ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிகள். "தைரியமா செய்யுடா" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பாரத்தை யார் சரிபார்த்தது? நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? எனக்கு ஒன்று ஆனால் என் வீட்டுக்கு என்ன, எழுத்தில் இருக்கிறதா? முதலாளியாக இருக்கிறவர்கள், கேட்கும் முன்பே பதில் சொல்லுங்கள்.

அந்த வீடியோவை அனுப்பாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அனுப்பினால் கூண்டின் எடையையும் சேர்த்து அனுப்புங்கள்.

மறுப்பு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். என்னோடு வாதாடிய மாணவனுக்கு நான் ஒருநாளும் மார்க் குறைத்ததில்லை.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்