வயதான காருக்குத் தண்டனையா, வைத்தியமா?

"15 வருஷம் முடிந்துவிட்டது. இனி இந்தக் காரை என்ன செய்வது? காயலான் கடைக்குப் போட வேண்டியதுதானா?"

மதுரையிலும், சுற்றியுள்ள திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஊர்களிலும் பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

பல வீடுகளில் அந்தக் கார் ஒரு மாருதி 800. சில வீடுகளில் தாத்தா காலத்து அம்பாசடர். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அம்பாசடர் 1950களின் கடைசியில் வந்தது. 2014 மே மாதம் அதுவும் நின்றது. ஆகவே இந்த இரண்டில் எதை வைத்திருந்தாலும், அது பத்து வயதைத் தாண்டிய கார்தான்.

பெண்ணைக் கல்யாணம் முடித்து அனுப்பிய கார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன கார். விற்றால் பெரிய பணம் வராது. புதிதாக வாங்கக் கையில் காசு இல்லை. ஆனாலும் பயம் விடவில்லை. "சர்க்கார் பிடுங்கிக்கொள்வார்களாமே!" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உண்மை என்ன?

டில்லி வேறு, மதுரை வேறு

10 வருஷம் ஆன டீசல் வண்டியும், 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற உத்தரவு டில்லிக்கும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கும் போடப்பட்டது. அங்கே புகை அதிகம் என்பதே காரணம். பசுமைத் தீர்ப்பாயம் போட்ட அந்த உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2025-ல் அந்த விஷயம் மீண்டும் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஆனால் அது மதுரைக்கு வந்த உத்தரவு அல்ல. டில்லிச் செய்தியைக் கேட்டு இங்கே காரை அரை விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

பழைய வண்டிகளைக் கழிக்கும் திட்டம் ஒன்றும் உண்டு. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அதை அறிவித்தார். (அவர் பிறந்தது மதுரையில்தான்.) அந்தத் திட்டம் கட்டாயம் அல்ல, விருப்பம் உள்ளவர்களுக்கு. வண்டியைக் கழிக்கக் கொடுத்தால், அதே ரகப் புது வண்டியின் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும் என்றும், சொந்தக் கார் புதிதாக வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்றும் சொல்லப்பட்டது.

கழிக்க மனம் இல்லையா? சொந்தக் காருக்கு முதலில் 15 ஆண்டுகளுக்குப் பதிவு. பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு. அதற்குப் பிறகும் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள்.

பணம் கட்டினால் காகிதம் கிடைத்துவிடும். வண்டியின் அடியில் இருக்கும் ஆட்டம் காகிதத்தால் நின்றுவிடுமா?

வில் வண்டியைப் பாருங்கள்

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் இரண்டு வகை மாட்டு வண்டி இருந்தது. ஒன்று கட்டை வண்டி. மற்றது வில் வண்டி. கட்டை வண்டியில் போனால் ஒவ்வொரு கல்லும் முதுகில் அடிக்கும். வில் வண்டியில் போனால் தூக்கம் வரும். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் வில்லாக வளைத்த இரும்புப் பட்டைகளை வைத்திருப்பார்கள். மேட்டில் ஏறினால் பட்டை அமுங்கும்; இறங்கினால் நிமிரும். பெயரே அதனால்தான் வந்தது.

காரிலும் அதுவேதான் நடக்கிறது. அம்பாசடரின் பின் சக்கரங்களுக்கு மேலே அதே வில் பட்டைதான். முன் பக்கம் முறுக்கிக்கொண்டு தாங்கும் நீளமான இரும்புத் தண்டு. மாருதி 800-ன் முன் பக்கத்தில் சுருள் ஸ்பிரிங். வடிவம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பாரத்தைத் தாங்கி, குலுக்கலை வாங்கிக்கொள்வது. இந்த ஏற்பாடு முழுவதையும் சேர்த்துத்தான் பட்டறையில் "சஸ்பென்ஷன்" என்கிறார்கள்.

மாடு நடக்கும் வேகத்துக்கு வில் மட்டும் போதும். 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதாது. அமுங்கிய ஸ்பிரிங் நிமிரும். நிமிர்ந்தது மறுபடி அமுங்கும். அதை அடக்க ஒருவர் வேண்டாமா? அவர்தான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் இருக்கிறது. சின்னத் துளைகள் வழியே அந்த எண்ணெய் கஷ்டப்பட்டுப் போய்வர வேண்டும். அந்தக் கஷ்டத்திலேயே ஆட்டம் அடங்கிவிடும். ஷாக்தான் வண்டியைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். அடக்குவது ஷாக்.

இவை தவிர இரண்டு சிறிய சாமான்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஒன்று புஷ்: சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர். மற்றொன்று பால் ஜாயிண்ட்: நம் இடுப்பில் எலும்பு உருண்டை கிண்ணத்தில் உட்கார்ந்து திரும்புகிறதல்லவா, அதே போலச் சக்கரத்தைத் திருப்ப விடும் மூட்டு. முழங்கால் தேய்ந்த பாட்டி எப்படி நடப்பார்? இந்த மூட்டுகள் தேய்ந்த கார் அப்படித்தான் ஓடும்.

தேய்ந்தால் என்ன ஆகும்?

ஷாக் போய்விட்டால் சக்கரம் சாலையில் ஒட்டி ஓடாது. மேட்டில் ஏறி இறங்கும்போது துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? டயர் தரையில் அழுந்தி இருந்தால்தான் வண்டி நிற்கும். நல்ல பிரேக், புது டயர் எல்லாம் இருந்தும் வண்டி நான்கு அடி தள்ளி நிற்கும். குழந்தை ஓடி வரும் தெருவில் நான்கு அடி என்பது சாதாரணமா?

புஷ் போய்விட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்குச் சாயும். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரின் ஓர் ஓரம் மட்டும் மொட்டையாகும். "டயர் கம்பெனி மோசம்" என்று திட்டிக்கொண்டு புது டயர் போடுகிறார்கள். அதுவும் சீக்கிரம் மொட்டையாகும்!

எல்லாவற்றிலும் ஆபத்தானது பால் ஜாயிண்ட். மிகவும் தேய்ந்தால் கிண்ணத்தை விட்டு உருண்டை கழன்றுவிடும். சக்கரம் சாய்ந்து படுத்துவிடும். ஸ்டியரிங் கையில் இருக்கும். வண்டி கையில் இருக்காது. நான்கு வழிச் சாலையில் குடும்பத்தோடு போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

மதுரைப் பூமிக்கு இதில் பங்கு உண்டு. வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். தூசி மூட்டின் உறைக்குள் புகுந்து கிரீசோடு கலந்து அரம் போல ராவும். தெருவுக்குத் தெரு வேகத்தடை வேறு. சில வேகத்தடைகளைப் பார்த்தால் வேகத்தைத் தடுக்கவா, காரையே தடுக்கவா என்று சந்தேகம் வருகிறது. சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப்போகும் பழைய வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு பட்டை போட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. சுமை தாங்கும், உண்மை. ஆனால் சுமை இல்லாத நாளில் வண்டி கட்டை வண்டி ஆகிவிடும். அந்த அடி முழுவதையும் மற்ற மூட்டுகள் வாங்கிக்கொள்ளும்.

டாக்சிக்கு ஒரு நியாயம், வீட்டுக் காருக்கு ஒரு நியாயம்

இந்த இடத்தில் சட்டத்தில் ஓர் ஓட்டை தெரிகிறது.

வாடகைக்கு ஓடும் டாக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 8 வருஷத்துக்கு 2 வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிறகு வருஷா வருஷம். சொந்தக் காருக்கோ 15 வருஷம் வரை யாரும் கேட்க மாட்டார்கள். புகைச் சான்று கேட்பார்கள், இன்சூரன்ஸ் கேட்பார்கள். அடியில் குனிந்து பார்க்கச் சொல்லும் விதி கிடையாது.

ரப்பர் புஷ் 15 வருஷம் காத்திருக்குமா? பல கார்களில் அதற்கு வெகு முன்பே போய்விடும். ஆகவே, 15 வயதைத் தாண்டிய எல்லாக் காரும் ஆபத்து என்பது தவறு; தாண்டாத எல்லாக் காரும் பத்திரம் என்பது அதைவிடப் பெரிய தவறு. புஷ்ஷும் பால் ஜாயிண்டும் மாற்றிய 22 வயது மாருதியை விட, 9 வருஷமாக ஒருவரும் அடியில் பார்க்காத பளபளப்பான கார்தான் பயப்பட வேண்டியது.

ஜெர்மனியில் புதுக் காரை 3 வருஷத்தில் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதன்பின் 2 வருஷத்துக்கு ஒரு தடவை. மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். இருந்தால் மாற்றிவிட்டு வரச் சொல்வார்கள். ஆனால் அங்கே "இத்தனை வயதோடு கார் ஓடக்கூடாது" என்ற பொது விதி இல்லை. 30 வயது ஆன, நன்றாகப் பராமரித்த காருக்குத் தனி மரியாதை எழுத்தோடு நம்பர் பலகையே கொடுக்கிறார்கள்!

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. 2021-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி அமையும் தானியங்கிச் சோதனை நிலையங்களில் பிரேக், புகை ஆகியவற்றோடு சஸ்பென்ஷனையும் மூட்டு ஆட்டத்தையும் காட்டும் கருவிகள் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை குறையும். ஆனால் அந்தக் கருவிக்கு முன்னால் சொந்தக் கார் முதன்முதலில் வந்து நிற்பது 15-வது வயதில் என்றால், நடுவில் போன வருஷங்களுக்கு யார் பொறுப்பு? கட்டணத்தை உயர்த்தும் வேகம், சோதனையை முன்னால் கொண்டுவருவதில் காணோம்.

வீட்டிலேயே பார்க்கலாம்

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். காரின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட்டால் ஷாக் பரவாயில்லை. ஊஞ்சல் போல ஆடினால் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தாலும் அதே அர்த்தம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "கட கட" என்று சத்தம் வந்தால் அடியில் ஏதோ தேய்ந்திருக்கிறது. ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மெக்கானிக் என்ன செய்வார்? ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். "அண்ணே, லோயர் ஆர்ம் புஷ் போயிருச்சு, பால் ஜாயிண்டும் ஆடுது" என்பார். அதை உங்கள் கையாலும் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். ஆட்டம் இல்லாத சாமானை மாற்ற வேண்டியதில்லை.

மாற்றும்போது சிக்கனம் எங்கே செய்வது, எங்கே செய்யக் கூடாது? ஷாக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள்; இடது வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி நொண்டும். சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற அதற்கென்று கருவி இருக்கிறது. கயிறு கட்டிக் கழற்றும் பட்டறையில் நிற்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும். கார் கம்பெனி நிறுத்திவிட்ட வண்டிக்குச் சாமான் தேடும்போது போலிச் சரக்கு வரும். பெட்டியையும் முத்திரையையும் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். கார் உதிரிப் பாகங்கள் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகியிருக்கிறது. அந்தக் குறைவு பில்லில் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

பல பட்டறைகளில் நடக்கும் ஒரு தவறு இருக்கிறது. வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடியே புது புஷ்ஷின் போல்ட்டை முறுக்கி இறுக்கிவிடுவார்கள். சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும். "சாமான் மட்டம்" என்று பழி சாமான் மேல் விழும். போல்ட்டை இலேசாகப் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்து, பாரம் வந்த பிறகே முழுசாக இறுக்க வேண்டும். இதற்குக் கூடுதல் காசு இல்லை. கால் மணி நேரம்தான் கூடும். பட்டறையில் நின்று கேட்டு வாங்குங்கள்.

அது முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு, வேகத்தடை உள்ள தெருவில் ஒரு முறை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பின் சீட்டில் வீட்டம்மாவை உட்காரச் சொல்லுங்கள். சத்தம் வருகிறதா இல்லையா என்பதை மெக்கானிக்கை விட அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.