சிவப்பு மையில் நான் அடித்த ஒரு சரியான விடை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பேராவூரணிக்குப் பக்கத்தில் குளத்தை ஒட்டி நிலம். சம்பா நட்டிருக்கிறார்.

"சார், நட்டு இருபது நாள்தான் ஆவுது. நீலக்கோழி குளத்துலேருந்து ஏறி வந்து குருத்தைக் கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போவுது. குருணை மருந்தை நெல்லுல கலந்து வரப்புல வச்சிடலாமான்னு இருக்கேன்" என்றார். கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "நான் அன்னைக்கே பரிட்சையில எழுதுனேன். நீங்கதான் சார் தப்பு போட்டீங்க."

நினைவு வந்துவிட்டது. பறவைகளின் உணவு என்ன என்ற கேள்விக்குத் தானியம், பழம், பூச்சி, மீன் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். இவர் 'நெற்பயிர்' என்றும் சேர்த்து எழுதினார். சிவப்பு மையில் அடித்துவிட்டேன். பையன் வயலைப் பார்த்து எழுதினான். நான் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினேன்.

இலை தழையை நம்பி வாழும் பறவைகள் உலகத்திலேயே குறைவுதான். இலையில் நார் அதிகம், சத்து குறைவு. அதைச் செரிக்க நிறைய நேரம் வயிற்றில் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு சுமையோடு பறப்பது கஷ்டம். அமேசான் காட்டில் ஹோட்சின் என்று ஒரு பறவை. மாடு மாதிரி, தின்ற இலையைத் தன் தொண்டைப் பையில் நொதிக்கவைத்துச் செரிக்கும். கிட்டப் போனால் சாண வாடை அடிக்குமாம். பறப்பதும் அரைகுறைதான். வட ஐரோப்பாவில் கேப்பர்கெய்லி என்ற காட்டுக்கோழி கோடையில் பழமும் தளிரும் தின்னும். பனிக்காலத்தில் வேறு எதுவும் கிடைக்காது. பைன் மரத்து ஊசியிலைதான் சாப்பாடு.

நம் பக்கத்துக்கு வருவோம். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி நீர்ப்பாசியும் தழையும் தின்னும். மயில் தளிரையும் கொத்தும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து, ஆடு மாதிரி புல் மேயும். நீலக்கோழி என்று நாம் சொல்கிற நீலத் தாழைக்கோழி, தண்டைக் கால் விரலால் பிடித்துத் தூக்கி, கரும்பு கடிப்பதுபோல் கடிக்கும். அந்தச் சிவப்புக் காலைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு காலை நடை குளக்கரையில்தான் என்பதால் நான் கவனித்ததைச் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் வற்றும்போது அது கோரைக் கிழங்கைத் தோண்டுகிறது. நத்தையும் அகப்பட்டால் விடுவதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் சம்பங்கோரைக் குருத்தும் அல்லித் தண்டும். ஐப்பசியில் நெற்பயிர் தூர் கட்டும் சமயம், கரையோரம் தழை இல்லாத குளமாக இருந்தால் வயலில் இறங்குகிறது. பயிர் முற்றித் தாள் சொரசொரப்பானால் குருத்தை விட்டுவிடுகிறது. பிறகு கதிரில் கொஞ்சம் கை வைக்கும். ஆக, பெரிய சேதம் மூன்று நான்கு வாரம்தான்.

அந்த நான்கு வார நஷ்டம் சின்னது என்று நான் சொல்லவில்லை. பறவை பாவம் என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது எனக்கு எளிது. கடன் வாங்கி நட்டவருக்கு ஒவ்வொரு குத்தும் பணம். ஆனால் விஷம் வைத்தால் நீலக்கோழி மட்டுமா சாகும்? கொக்கு, மைனா, மயில், வீட்டுக் கோழி, செத்ததைத் தின்னும் நாய் எல்லாம் போகும். சட்டப்படியும் குற்றம்.

என் கருத்து இதுதான். கோளாறு குளத்தில் தொடங்குகிறது. கஜா அடித்த மறு வருடம், 2019-இல், நம் ஊர் இளைஞர்கள் முன்னின்று பெரியகுளத்தைத் தூர்வாரியது நமக்கெல்லாம் பெருமை. கடைமடைக்காரனுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பல சின்னக் குளங்களில் பொக்லைனை விட்டு, ஒரு கோரை விடாமல் சட்டி மாதிரி வழித்துவிடுகிறார்கள். மேய இடமில்லாத பறவை எங்கே போகும்? அடுத்த முறை தூர்வாரும்போது வயல் இல்லாத பக்கத்துக் கரையில் ஒரு பகுதி கோரையையும் சம்பையும் விட்டுவையுங்கள். ஊராட்சிக்காரர்களும் ஆயக்கட்டுக்காரர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. செலவு கிடையாது.

மாணவரிடம் மருந்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நீலக்கோழி பெரும்பாலும் நடந்துதான் வயலுக்கு வருகிறது. அதனால் குளத்துப் பக்க வரப்பில் குச்சி நட்டு, பழைய சேலையை இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருக்கிறோம். சேலை எங்கள் தெருவில் சேகரித்தது. குச்சிக்குக் காசு நான் கொடுத்தேன், அந்தச் சிவப்பு மைக்கு அபராதமாக. ஐந்து நாளில் சேதம் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. பார்ப்போம்.

உங்கள் ஊர்க் குளத்தில் கோரை மிச்சம் இருக்கிறதா? உங்கள் வயலில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்குகிறது? கீழே எழுதுங்கள். இந்தமுறை யாருக்கும் தப்பு போடமாட்டேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், பேராவூரணி