கடற்புல்லுக்கு ரசீது உண்டா?

சரக்கு வண்டி தடம் புரண்டால் எங்கள் ஆபீசில் முதலில் கேட்பது ரயில்வே ரசீதைத்தான். எத்தனை மூட்டை, என்ன எடை என்று அதில் இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். ரசீது இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். கப்பல் விபத்திலும் சரக்குக்கு ரசீது இருக்கிறது. அடியில் நசுங்கும் கடற்புல்லுக்கு?

2020 ஜூலை 25-ம் தேதி ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் 'வகாஷியோ' கப்பல் மொரீஷியஸ் தீவின் தென்கிழக்கே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்டு 6-ம் தேதி எண்ணெய் கசியத் தொடங்கி, சுமார் 1,000 டன் கடலில் கலந்தது. ஊர் மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் அடைத்துத் தடுப்புக் கட்டினார்கள். அந்தக் கரையோரக் கடலில் பவளம் மட்டுமல்ல, கடற்புல்லும் உண்டு.

கடற்புல் பாசி அல்ல. வேரும் பூவும் விதையும் உள்ள செடி. ராமநாதபுரம் கரையில் தாழை என்பார்கள். மீன்குஞ்சும் இறாலும் அதற்குள்தான் வளர்கின்றன. ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு அதுவே உணவு. வெயில் பட்டால்தான் அது வளரும். தரைதட்டிய கப்பல் அதை வேரோடு நசுக்குகிறது. கலங்கிய சேறும் மிதக்கும் எண்ணெயும் வெயிலை மறைக்கின்றன. மீட்க வரும் படகுகளின் நங்கூரமும் சங்கிலியும் மிச்சத்தை உழுதுவிடுகின்றன. வேர் போன இடத்தில் மறுபடி புல் மூடப் பல ஆண்டுகள் ஆகும்.

மூழ்கிய கப்பல் மீனுக்கு வீடாகிறதே என்பார்கள் சிலர். ஆழத்தில், வெறும் மணல்தரையில் அது சரி. புல்தரையில் விழுந்தால் இருந்த வீடு இடிந்ததுதான் மிச்சம்.

மொரீஷியஸ் தூரம் என்று இருந்துவிட வேண்டாம். 2025 மே 25-ம் தேதி கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. அதற்கு அடுத்தது மன்னார் வளைகுடா. அப்பால் பாக் விரிகுடா. அங்கே 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் தமிழக அரசு ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. மும்பையில் வேலை பார்க்கும் நம்மில் பலரின் அண்ணன் தம்பிகள் அந்தக் கடலை நம்பித்தான் வலை வீசுகிறார்கள்.

நாளை அங்கே ஒரு கப்பல் தரைதட்டினால், 'புல் எவ்வளவு இருந்தது?' என்றுதான் கம்பெனி வக்கீல் முதலில் கேட்பார். கிழிந்த வலைக்குச் சாட்சி சொல்ல ஆள் உண்டு. புல்லுக்கு யார் சாட்சி? ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ அளந்து வைத்தது போதாது. ஆண்டுதோறும் அளந்து, அந்தக் கணக்கின் நகலை மீனவர் சங்கங்களிடம் அரசு கொடுத்து வைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு எழுதும் ரசீது எந்த ஆபீசிலும் செல்லாது.