பாதி முக்காடு!

தோழனே!

மாசி வீதியில் நடப்போர் கையைப் பார். மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருப்போர் கையைப் பார். கையகலக் கண்ணாடியிலே காட்சி ஓடுகிறது! மேலூர் வரப்பிலே களைப்பாறும் உழவனும் காண்கிறான். உசிலம்பட்டிக்கு ஊர் திரும்பும் மாணவியும் காண்கிறாள். எதைக் காணலாம் என்ற வழக்கையும் இந்த மாநகர் கண்டதுண்டு. 2019 ஏப்ரல் 3-ஆம் நாள், டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே திங்கள் 24-ஆம் நாள் அத்தடையை விலக்கிற்று. காணத்தக்கது எது என்று பேசினோம். காண்பவனைக் காண்பவர் யார் என்று பேசினோமா?

"பேச என்ன இருக்கிறது? ஊரறியக் கூடாததை மட்டும் வி.பி.என். போட்டுப் பார்க்கிறேன்; பாட்டையும் பட்டிமன்றத்தையும் திறந்தே பார்க்கிறேன். வேகமும் கெடவில்லை, மறைவும் கெடவில்லை" என்கிறாய். கெட்டிக்காரத்தனந்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி முக்காடு போடுகிறவன், எந்தப் பாதி மூடிற்று, எவர் கண்ணுக்கு மூடிற்று என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

சாதி கடந்து மணக்கத் துணிந்த பெண்ணொருத்தி, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை விளக்கும் காட்சியை வீட்டு வைஃபையிலே பார்க்கிறாள் என்று வைத்துக்கொள். திறந்தே பார்த்தால், இணைப்புத் தரும் நிறுவனம் அவள் யூடியூபுக்குப் போனதை அறியும். எந்தக் காட்சி என்பது பூட்டிய பெட்டிக்குள் வருவதால் அதை அறியாது. யூடியூபோ எல்லாம் அறியும். வி.பி.என். போடுகிறாள். இணைப்பு நிறுவனத்தின் கண் மூடிற்று, வி.பி.என். நடத்துகிறவரின் கண் திறந்தது! காவற்காரன் மாறினான், அவ்வளவே. தன் பெயரிலுள்ள கணக்கிலிருந்து வெளியேறாமலே பார்த்தாளானால், முகத்தை மூடிக்கொண்டு கழுத்திலே பெயர்ப்பலகை மாட்டிய கதைதான். மறுநாள் கூடத்துத் தொலைக்காட்சியிலே, அதே கணக்கிலே, பதிவுத் திருமணக் காட்சிகள் வரிசைகட்டி நிற்கும். அண்ணன் கேட்பான். அவள் என்ன விடை சொல்வாள்?

"இன்விடியஸ் வழியே பார்ப்பேன்" என்பாய். நமக்குப் பதிலாக யூடியூபிடம் பக்கத்தைக் கேட்டு வாங்கித் தரும் இடையாள் அது, நல்ல ஏற்பாடு. ஆனால் காட்சி என்பது பெருஞ்சுமை. அந்தச் சுமையையும் இடையாளே தூக்கி வருமாறு அமைத்திருந்தாலன்றி, பக்கம் மட்டுமே அவன் வழியே வரும். காட்சி கூகுளின் கிடங்கிலிருந்து நேரே உன் வாசலுக்கு வரும். வாசலுக்கு வருவதற்கு வாசல் எண் வேண்டுமல்லவா? உன் ஐ.பி. முகவரி போய்ச் சேர்ந்தது கூகுளின் கைக்கு! டோர் வழியே போனால் மூன்று கை மாறி வரும், மறைவு மிகுதி. ஆயின் தொண்டர்கள் தாங்கும் அந்தப் பாதையிலே காட்சி தவழ்ந்துதான் வரும்.

ஆகவேதான் பலரும் சிலவற்றை மட்டும் மறைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து! ஒன்பது இரவு திறந்து கிடந்த சன்னல் பத்தாம் இரவு மட்டும் மூடினால், எதிர்வீட்டுக்காரன் எந்த இரவைப் பற்றிப் பேசுவான்? மூடிய நேரமும், நீடித்த அளவும் மூடாமலே கிடக்கின்றன. பூட்டிய காட்சியைத் திறக்காமலே, அது விட்டுவிட்டுப் பாயும் பாங்கைக்கொண்டே, முன்னறிந்த காட்சிகளுள் இது எது என்று கண்டறிய முடியும் என 2017-இல் டெல் அவிவ், கார்னெல் டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மதுரைக்காரனுக்கு இது புதுப் பாடமா? பொற்கைப் பாண்டியன் கதை கேட்டவனல்லவா நீ! ஊரிலில்லாத கீரந்தையின் வீட்டைக் காத்து வந்த மன்னன், ஓரிரவு உள்ளே ஆண் குரல் கேட்டுக் கதவைத் தட்டினான். திரும்பி வந்த கணவனே அவன் என்று அறிந்தான். இந்தக் கதவை மட்டும் தட்டியதாக இருந்தால் அந்த மனையாள்மீது ஐயம் விழுமே என்று அஞ்சினான். வீதியிலிருந்த கதவுகளையெல்லாம் தட்டிவிட்டுப் போனான்! வீதி விழித்தது, அந்த ஒரு வீட்டைச் சுட்டும் விரல் எழவில்லை.

மறைவின் இலக்கணம் அதுதான், தோழனே! மறைக்க வேண்டியதைக் காக்க, மறைக்க வேண்டாததையும் சேர்த்து மறை. பாட்டும் பட்டிமன்றமும் அதே வழியில் போகட்டும். கணக்கிலிருந்து வெளியேறிப் பார். வேகம் குறையும், செலவும் கூடும், அதுதான் விலை. விலை தர இயலாதவன், எவரிடம் மறைந்தேன், எவரிடம் மறையவில்லை என்பதையாவது தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஆனால் விலை முழுவதையும் குடிமகன் தலையிலேயே கட்டலாமா? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமுகமாக உரைத்தனர். 2022 ஏப்ரல் 28-ஆம் நாளோ, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஆணையிட்டது: வி.பி.என். நடத்துவோர், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், வாங்கிய நோக்கம் ஆகியவற்றை, அவர் விலகிய பின்னும் 5 ஆண்டுகள் காத்து வைக்க வேண்டுமாம்! எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட்வி.பி.என். ஆகியவை அந்த ஆண்டே இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றின. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கே அதிகாரம் தந்தது.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா என்பார்கள். பிடிக்கட்டும்! ஐயமுள்ள வீட்டுக்கு ஆணையோடு போகட்டும். ஒருத்தியைக் காக்க எல்லாக் கதவையும் தட்டினான் பாண்டியன். எல்லோரையும் ஐயுற எல்லாக் கதவையும் தட்டுகிறது இன்றைய ஆட்சி. தட்டிய கைக்குத் தண்டனை என்னவென்று அவையிலே கேட்டு, தன் கையையே வெட்டிக்கொண்டான் அவன். ஆளவந்தாரே, உங்கள் கையை வெட்டச் சொல்லவில்லை நாங்கள். தட்டுவதற்கு முன் நீதிமன்றத்தைக் கேளுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்!