பேக்கேஜுக்கு வெளியே ஓர் ஊசி

பிரசவத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்துத்தான் தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். குழந்தை பிறந்த மறுநாள் நர்ஸ் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார்: ஆன்டி-டி, 300 மைக்ரோகிராம். கீழே மருந்துக்கடையில் அதற்குச் சில ஆயிரம் ரூபாய். “இது பேக்கேஜில் வராதா?” “வராதுங்க. அம்மாவுக்கு ஆர்ஹெச் நெகட்டிவ், குழந்தைக்குப் பாசிட்டிவ். 72 மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்.” அதற்குமேல் யார் பேரம் பேசுவார்கள்?

குழந்தையின் ரத்தப் பிரிவு தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்த பிறகே தெரியும், அதனால் முன்கூட்டிச் சேர்க்க முடியாது என்பது மருத்துவமனைகளின் பதில். பாதி உண்மை. தாய்க்கு நெகட்டிவ் என்பது முதல் பரிசோதனையிலேயே அட்டையில் ஏறிவிடுகிறது. கணவருக்கும் அன்றே பார்த்துவிட்டால் (அவரும் நெகட்டிவ் என்றால் ஊசிக்கே வேலையில்லை) இந்தச் செலவு வரக்கூடும் என்று மாதக்கணக்கில் முன்னதாகவே சொல்லிவிடலாம். ஊசியையும் சேர்த்தே தொகை பேசட்டும்; குழந்தையும் நெகட்டிவ் என்றால் கழித்துக்கொள்ளட்டும். இதைக் கட்டாயமாக்க வேண்டியது அரசு. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997 முதல் இருக்கிறது.

கர்ப்பத்தின் 28-வது வாரத்தில் போடும் இதே ஊசியின் கதை இன்னும் மோசம். அது புறநோயாளிப் பிரிவில் போடப்படுவது. பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகளோ படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். கையைக் கடிக்கும்போது “பிரசவத்துக்குப் பிறகு ஒன்று போட்டால் போதாதா?” என்று தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டதன் விலை இந்தக் குழந்தையிடம் பெரும்பாலும் தெரியாது. குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் உருவாகிவிட்ட எதிர்ப்பொருள், அடுத்த கருவும் பாசிட்டிவ் என்றால் அதன் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ரத்தசோகை, கடும் மஞ்சள்காமாலை, சில நேரம் வயிற்றிலேயே மரணம். உருவான பிறகு ஊசி போட்டும் பயனில்லை. கருக்கலைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அந்தத் துக்கத்தில் ரத்தப் பிரிவைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நம் நாட்டுப் பட்டியலிலும் இந்த ஊசி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு மருந்து இலவசம் என்று 2011-ல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் சொல்லிவிட்டது. அங்கே இருப்பு இல்லை என்று வெளியே வாங்கிவரச் சொன்னால் அது வாக்குமீறல். காப்பீட்டு நிறுவனங்களும் இதைத் தடுப்பு மருந்தாகக் கருதி, எந்தப் பிரிவில் போட்டாலும் பணம் தர வேண்டும்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. பில்லில் ‘மருந்துகள்’ என்று ஒரே வரியாக மொத்தத் தொகையைப் போடுவதை நிறுத்தி, ஊசியின் பெயர், அளவு, தொகுதி எண், போட்ட தேதி நான்கையும் எழுத வேண்டும். 28-வது வாரத்தில் போட்ட மருந்து அதன்பின் பல வாரங்கள் எதிர்ப்பொருள் சோதனையில் தென்படலாம். தேதி தெரியாத மருத்துவர் அதை நோய் என்று எண்ணிக் குழம்புவார். மூன்று வருடம் கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் “போன தடவை ஊசி போட்டாங்களாம்மா?” என்று கேட்கும்போது, அந்தப் பெண்ணிடம் இருக்கப்போவது பெரும்பாலும் அந்தப் பில் ஒன்றுதான்.